2 இராஜாக்கள் 4:1-7, கடன்பட்ட விதவை: அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது எப்படி?

பனைவிளை வாலிபன்

ஐயாமார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் கிளைச்சபையில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு சபையாரில் ஒருவர் செய்தி கொடுக்கிறோம். அடுத்த முறை என்னுடையது. பகுதி 2 இராஜாக்கள் 4:1-7, நேரம் 20 நிமிஷம். புருஷனை இழந்த ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளைக் கடன்காரன் அடிமையாக்க வருகிறான்; அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் கூப்பிடுகிறாள்; வீட்டிலிருந்த கொஞ்சம் எண்ணெயைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரவல் பாத்திரங்களில் ஊற்றச் சொல்கிறார், எல்லாம் நிரம்புகிறது; அதை விற்றுக் கடனைத் தீர்க்கச் சொல்கிறார். இதுதான் கதை. சபையில் பாதிப்பேர் பீடி சுற்றுகிற பெண்கள். மற்றவர்கள் கொத்தனார், கையாள், வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். குழுக் கடன் இல்லாத வீடே கிடையாது. வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் அதே சபையில்தான் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குக் கேட்ட செய்திகளில் எல்லாம் எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவியின் அபிஷேகம், பாத்திரம் என்றால் இருதயம், கதவைப் பூட்டுவது என்றால் தனி ஜெபம் என்று போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை தவணை கட்ட வேண்டிய அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது? வசனத்தை வளைக்காமல் அன்றாடப் பாடம் எடுக்கிற முறையைச் சொல்லித் தாருங்கள்.

பொருநைக்கரை

தம்பி, அபிஷேகம் என்று போகிற வழியை 7ஆம் வசனமே அடைத்துவிடுகிறது. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர் என்கிறார் எலிசா. எண்ணெய் பரிசுத்த ஆவியானால் அவரை விற்கச் சொன்னதாக முடியும். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது அப்போஸ்தலர் 8:18-20இல் இருக்கிறது. உருவகமாக எடுக்கிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். பொருந்துகிற மூன்று வசனத்தை எடுத்துக்கொண்டு, பொருந்தாத நாலாவதை வாசித்ததோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் எடுக்கிற பாடம் ஏழு வசனத்திலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

வேலையை இப்படித் தொடங்கலாம். பகுதியைக் கையால் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வசனத்திலும் யார் என்ன செய்கிறார் என்று மட்டும் அடிக்கோடு போடுங்கள். எலிசா செய்வது இரண்டே காரியம்: கேட்கிறார், சொல்கிறார். கையிலிருந்து பணம் கொடுக்கவில்லை. எண்ணெய் ஊற்றும்போது அவர் அந்த வீட்டில் இல்லை. பாத்திரம் இரவல் கேட்டு வாங்குகிறவள் அவள், எடுத்துக் கொடுக்கிறவர்கள் பிள்ளைகள், ஊற்றுகிறவள் அவள். அண்டைவீட்டார் கொடுத்ததெல்லாம் வெறும் பாத்திரம். கடன் கொடுத்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அவனால்தான் இவ்வளவும். பாத்திரம் தீர்ந்தவுடன் எண்ணெய் நின்றுபோகிறது. நிரம்பியதை அவள் உடனே விற்கப் போகாமல் திரும்பவும் வந்து கேட்கிறாள்.

அடுத்து, முன்னும் பின்னும் வாசியுங்கள். 3ஆம் அதிகாரம் ராஜாக்களின் யுத்தம். அதன் கடைசி வசனத்தில் மோவாபின் ராஜா தன் மூத்த குமாரனையே மதிலின்மேல் பலியிடுகிறான். அதை ஒட்டி அடுத்த வசனத்தில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளுக்காகக் கூப்பிடுகிறாள். 4:8இல் சூனேம் ஊரின் வசதியுள்ள ஸ்திரீ வருகிறாள். இவற்றுக்கு நடுவில் இந்த விதவையின் கதையை வைத்து வாசித்தால், கர்த்தருடைய கண் யார்மேல் இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

பின்னணிச் சட்டத்தையும் எடுத்து வையுங்கள். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதே, ஏழைக்குக் கொடுத்தால் வட்டி வாங்காதே என்பது யாத்திராகமம் 22:22-25. வறுமையினால் தன்னை விற்றுப்போட்ட சகோதரனை அடிமைபோல நடத்தாதே, கூலிக்காரனைப்போல இருக்கட்டும் என்பது லேவியராகமம் 25:39-40. இதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகளைப் பிடிக்க வந்தவன் அந்தக் காலத்தில் சாதாரணம் என்று சபை நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் எழுவாய் கர்த்தராக இருக்கட்டும். "கடனில் சிக்கிய குடும்பத்தின் கூப்பிடுதலைக் கர்த்தர் கேட்டு, வீட்டிலிருந்த கொஞ்சத்தையும் அண்டைவீட்டாரின் பாத்திரங்களையும் கொண்டு பிள்ளைகளை மீட்டார்." "நாம் செய்யவேண்டியது" என்று தொடங்கினால் செய்தி முழுவதும் புத்திமதியாகப் போய்விடும். கர்த்தர் செய்தது முதலில், அதற்கு மறுமொழியாக நம்முடைய காரியம் அடுத்தது.

ஓய்வுநாள்பள்ளி அக்கா

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னது சரி. பொம்பளையாட்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்குதேன்.

தம்பி, முதல் வசனத்தை அவசரமா தாண்டிராதீங்க. செத்துப்போன புருஷன் கர்த்தருக்குப் பயந்தவர்னு அவ சொல்லுதா, எலிசா மறுத்துப் பேசல. பயபக்தியுள்ள வீட்டுலயும் கடன் வந்திருக்கு. "விசுவாசம் இருந்தா கடன் வராது", "தசமபாகம் கொடுக்காததுனால கடன்" அப்படின்னு ஒரு வாய் தவறிச் சொன்னாலும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காலேஜ் பீஸுக்கும் வாங்கினவ அத்தோட காதை மூடிக்கிடுவா. இந்தப் பகுதி அந்தப் பேச்சுக்கு நேர் எதிரா நிக்குது. அதை நீங்க வெளிப்படையா சொல்லணும்.

எலிசா கேட்ட கேள்வி "வீட்டில் என்ன இருக்கிறது". இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரி சொல்லுங்க. ஒரு தாளை எடுத்து யாருக்குக் கடன், அசல் எவ்வளவு, வட்டி என்ன, தவணை எந்தக் கிழமை, நாலையும் எழுதச் சொல்லுங்க. நிறையப் பேர் தவணையை மட்டும் மனசுல வச்சிருப்பாக, வட்டி எவ்வளவுன்னு கணக்குப் போட்டிருக்க மாட்டாக. பத்து வட்டிக்கு 30,000 வாங்கினா மாசம் 3,000. பத்து மாசத்துல 30,000 கட்டியாச்சு, அசல் அப்படியே நிக்கும். அந்தக் கணக்கை ஒரே ஒரு தடவை சத்தமா சொல்லுங்க, போதும். எழுதின பிறகு அதிக வட்டிக் கடன் எதுவோ அதை முதல்ல அடைக்கப் பார்க்கணும். கழுத்துல கிடக்கிறதைக் கூட்டுறவு சங்கத்துல அடகு வச்சுப் பத்து வட்டியை அடைச்சா எவ்வளவு மிஞ்சும்னு கணக்குப் பார்க்கலாம். வித்துக் கடனை அடைன்னு தீர்க்கதரிசி சொன்னதும் கணக்குதான?

எல்லாத்துக்கும் மேல, அந்த விதவை பிள்ளைகளையும் வேலையில சேர்த்துக்கிட்டா. அவங்கதான் பாத்திரம் எடுத்துக் கொடுத்தாங்க. வீட்டுக் கடன் எவ்வளவுன்னு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாம மறைச்சு, அவங்க செல்போன் கேட்கும்போது சண்டை போடுதோம்.

கதவைப் பூட்டுனதுல மானத்தைக் காப்பாத்துற பாடமும் இருக்கு. கடன்பட்டவங்க பேரை ஜெபக் குறிப்புன்னு சொல்லிச் சபை நடுவுல வாசிக்கக் கூடாது.

தேரிமணல்

அக்கா சொன்ன கடைசி விஷயம் நடைமுறைக்கு மிக நல்லது, கட்டாயம் சொல்ல வேண்டியது. ஆனால் கதவை ஏன் பூட்டச் சொன்னார் என்று வசனம் காரணம் சொல்லவில்லை. தனி ஜெபம் என்பதும் ஊகம், மானம் என்பதும் ஊகம். வசனம் சொல்வதையும் நாம் யோசித்துச் சொல்வதையும் ஒரே குரலில் சொன்னால், கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே அதிகாரத்தோடு போய்விடும். "இப்படியும் இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். பேர் வாசிக்கிற விஷயத்துக்கு நீதிமொழிகள் 11:13 நேரடியாகவே இருக்கிறதே, அதை எடுக்கலாம்.

அற்புதத்தை வாக்குத்தத்தமாக மாற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். இந்த ஒரு விதவைக்கு நடந்ததைப் பகுதி சொல்கிறது. எல்லாக் கடனும் இப்படித் தீரும் என்று சொல்லவில்லை. "இந்த வாரமே உன் கடன் தீரும்" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். தீராதபோது அந்த அம்மா தன் விசுவாசத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார். கதைப் பகுதிகளில் கர்த்தருடைய குணம் மாறாது, அவர் செய்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். குணத்தைப் பிரசங்கியுங்கள்.

எல்லாப் பகுதிக்கும் ஒரே முறை ஒத்துவராது என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன், அடுத்த முறைக்கு உதவும். நீதிமொழிகள் பொதுவாக நடப்பதைச் சொல்கிறது. 10:4இல் சோம்பற்கை ஏழையாக்கும் என்று இருக்கிறது. 13:23இல் ஏழையின் வயல் மிகுதியாய் விளைந்தும் அநியாயத்தால் கெட்டுப்போகிறது என்றும் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் பிரசங்கித்தால் அது பாதி உண்மை. எரேமியா 29:11ஐ ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாரும் எடுப்பார்கள். ஆனால் 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்றும், 5ஆம் வசனத்தில் அதுவரை வீடு கட்டித் தோட்டம் போடுங்கள் என்றும் இருக்கிறது. பிலிப்பியர் 4:13 பரீட்சைக்கான வசனம் ஆகிவிட்டது. அதற்கு முந்தின இரண்டு வசனத்திலும் பவுல் பேசுவது பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருப்பது.

நியாயப்பிரமாணப் பகுதியானால், கட்டளை யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்க வேண்டும். லேவியராகமம் 19:9 வயலின் ஓரத்தை அறுக்காதே என்கிறது. நம் பக்கம் பிசான நெல் அறுவடை மிஷினில் முடிந்துவிடுகிறது, ஓரத்தில் கதிர் பொறுக்க யாரும் வருவதில்லை. வசனம் செத்துவிட்டதா? இல்லை. நான்கு வசனம் தள்ளி 13ஆம் வசனத்தில், கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. வேலைக்கு ஆள் வைத்து வீடு கட்டுகிறவர்கள் சபையில் இருந்தால், அதுதான் அவர்களுக்கான வயல் ஓரம்.

பனைவிளை வாலிபன்

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். வட்டிக்குக் கொடுக்கிறவர் முன் வரிசையில் இருப்பார். அவரைக் குத்துவதுபோல் ஆகாமல் எப்படிச் சொல்வது? 20 நிமிஷத்தை எப்படிப் பிரிப்பது?

சேகர ஊழியன்

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை சொல்ல 4 நிமிஷம், சட்டப் பின்னணி 3, கர்த்தர் செய்தது என்ன என்பது 6, நடைமுறை 6, முடிவு ஜெபம் 1. வழக்கமாகத் தவறுவது கதையில்தான். தெரிந்த கதையென்று விரித்துக்கொண்டே போய் 12 நிமிஷம் ஆகும், நடைமுறை கடைசி இரண்டு நிமிஷத்தில் "ஆகவே பிரியமானவர்களே" என்று ஓடிவிடும். சனிக்கிழமை இரவு சத்தமாகப் பேசிப் பார்த்து, கடிகாரத்தை வைத்துக் கதையைக் குறையுங்கள். மூன்று குறிப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். எதுகைக்காக மூன்றாவது குறிப்பை வசனத்தில் இல்லாத இடத்திலிருந்து இழுக்க வேண்டி வரும்.

நடைமுறை 6 நிமிஷத்துக்கு யார் யார் கேட்கிறார்கள் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், இந்த வாரமே செய்யக்கூடிய வேலையாக. கடன்பட்டவர்களுக்கு அக்கா சொன்ன தாள். அண்டைவீட்டாருக்குப் பாத்திரம்: வட்டியில்லாமல் கொடுக்க முடிந்த சிறு தொகை, பேங்குக்குத் துணையாகப் போவது, அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் பாத்திரம் கொடுப்பதாகச் சொல்லிவிடாதீர்கள், நீதிமொழிகள் 22:26-27 அதைத் தடுக்கிறது. சபைக் கமிட்டிக்கு: வீடுகளில் ஒதுக்கிக் கொடுக்கிற கைப்பிடி அரிசியும் தர்மப் பணமும் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒருமுறை பாருங்கள் என்று சொல்லலாம். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தரும சங்கம் தொடங்கி, இருக்க இடமில்லாமல் தவித்த விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த திருநெல்வேலிச் சபை இது. வேறு தேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை.

வட்டிக்குக் கொடுக்கிறவர் விஷயத்தில், இந்தப் பகுதியை மட்டும் வைத்துப் பேசினால் குத்துவதுபோலத்தான் ஆகும், ஏனென்றால் இதில் அவன் வாய் திறக்கவில்லை. நெகேமியா 5:1-13ஐச் சேர்த்து வாசியுங்கள். அங்கே கடன் கொடுத்தவர்களிடம் நேராகவே பேசப்படுகிறது. பஞ்சத்துக்குத் தானியம் வாங்கவும் ராஜாவின் தீர்வை கட்டவும் கடன் வாங்கி, நிலத்தையும் கடைசியில் பிள்ளைகளையும் இழந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். யூதாவின் அதிபதியாயிருந்த நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது, ஆனால் உடனே கத்தவில்லை. தனக்குள் யோசனை பண்ணி, பிறகு பெரியவர்களோடே வழக்காடுகிறார். 10ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: நானும் என் சகோதரரும் வேலைக்காரரும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். அவர்களும் திருப்பிக் கொடுக்கிறோம், கேட்கமாட்டோம் என்கிறார்கள். வட்டி வாங்குகிறவன் மனம் திரும்பின வேதபகுதி இருக்கும்போது, அவரைச் சபை நடுவில் வெட்கப்படுத்த அவசியம் இல்லை. தொகையோ தெருவோ தொழிலோ சொல்லி ஆளை அடையாளம் காட்டாதீர்கள். "நம்மில் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இருந்தால், கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிட்ட ஒரு ஏழையின் கடனை இந்த வாரம் தள்ளுபடி செய்ய முடியுமா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

மென்மையாகச் சொல்கிறேன் என்று இதைத் தவிர்த்துவிடவும் வேண்டாம். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் நெல்லை கலெக்டர் அலுவலகத்திலேயே நெருப்புக்கு இரையான மாவட்டம் நம்முடையது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம், திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடமும் கொடுக்கலாம் என்பதைப் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லுங்கள். அந்த விதவையும் நடப்பதை மறைக்காமல் கேட்க வேண்டியவரிடம் போய்ச் சொன்னாள்.

நெகேமியா 5ஐ ஆராதனையில் வாசிக்கிற முதல் வேதபாடமாக வைக்கலாமா என்று போதகர் ஐயரிடமோ உபதேசியாரிடமோ இப்போதே கேட்டுவிடுங்கள். சரி என்றால் வாசிக்கிறவரிடம் சனிக்கிழமையே பகுதியைக் கொடுத்து, 13ஆம் வசனம்வரை வாசிக்கச் சொல்லுங்கள். பாதியில், 8ஆம் வசனத்தில் நிறுத்திவிட்டால் கடன் கொடுத்தவர்கள் பதில் சொல்ல முடியாமல் நிற்பதோடு பாடம் முடிந்துவிடும்.