ஆடி மாதத்தில் காசு வராத படம் எடுக்கலாமா?

வடபழனி_வாசி:
எனக்குச் சோறு போடுவது வளைகாப்பு, முதல் பிறந்தநாள், கம்பெனி ஆட்களின் கோட் சூட் போட்டோ. ஆடியில் கல்யாணம் கிடையாது, போன் அடிப்பதும் குறைந்துவிடும். போன ஆடியில் வீட்டில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், பக்கத்துத் தெருக்களில் நிற்கிற இஸ்திரி வண்டிக்காரர்களை ஆளுக்கு ஒரு போர்ட்ரெய்ட் எடுக்க ஆரம்பித்தேன். இதுவரை 14 பேர். தொழிலில் இருக்கிற நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்கு நாலு ரீல்ஸ் போட்டிருந்தால் ஆவணிக்கு ரெண்டு கல்யாணமாவது வந்திருக்குமே என்றார். அதிலிருந்து மனசே சரியில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆல்பம்_அண்ணாச்சி:
நண்பர் சொன்னது சரி. லென்ஸுக்குக் கட்டுகிற இஎம்ஐ ஆடி மாதம் என்று லீவு எடுக்காது. தையில் நடந்த கல்யாணத்தின் ஆல்பத்தை ஆடி வரை கொடுக்காமல் பெண் வீட்டாரிடம் திட்டு வாங்குகிறவர்கள் இங்கே எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம். முதலில் அதை முடிக்கலாம். அப்புறம், ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள், மீனைவிடக் கேமரா அதிகம். சுருக்கம் விழுந்த முகம், கறுப்பு வெள்ளை, கீழே ரெண்டு வரி கவிதை. இஸ்திரி வண்டியும் அதே கதைதான் தம்பி.

நிழல்:
அண்ணாச்சி, ஒரு விஷயம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டு நாம் எடுக்கிற போட்டோவுக்கு முதல் உரிமையாளர் அவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும். அதாவது இத்தனை வருஷமாக நீங்கள் எடுத்த கல்யாணம் எல்லாம் சட்டப்படி மாப்பிள்ளை வீட்டுச் சொத்து. இவர் எடுத்த இந்த 14 படம் மட்டும்தான் இவருடையது. ரீல்ஸ் போடச் சொல்கிறவர்கள் யார் படத்தை வைத்துப் போடச் சொல்கிறார்கள்?

ஆல்பம்_அண்ணாச்சி:
நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள், ஒப்பந்தம் போடாத வரைக்கும். கொட்டேஷன் தாளில் "உரிமை ஸ்டூடியோவுக்கு" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது, நான் பல வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். அதற்காக வெயிலில் போய் நிற்கணுமா? உரிமையை வைத்துக்கொண்டு ஊறுகாயா போடப் போகிறார்?

நாலாவது_மாடி:
நான் போட்டோகிராபர் இல்லை, ஆனால் இதில் எனக்குப் பேச இடம் இருக்கிறது. என் அப்பா மேற்கு மாம்பலத்தில் 22 வருஷம் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவரைப் படம் எடுக்க கேமராவோடு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். எல்லோருக்கும் கரிப்பெட்டியும் புகையும் வேர்வையும்தான் வேண்டும். ஒருத்தர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நிற்கச் சொன்னார். ஒரு பிரிண்ட் கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சுவரில் இருக்கிற அப்பா படம் ஏதோ அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸைப் பெரிதாக்கியது, காதுகிட்ட புள்ளி புள்ளியாக இருக்கும். உங்கள் சொந்தப் படைப்பு என்பதெல்லாம் சரி, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

வடபழனி_வாசி:
மேடம், நானும் அந்த பனியன் ஆசாமி மாதிரிதான் போனேன், மறைக்கவில்லை. முதல் ஆளிடம் புகை வரட்டும் என்று காத்திருந்தேன், அவர் கேஸ் பெட்டிக்கு மாறி ரெண்டு வருஷமாம். மூன்றாவதாக ஒரு பெரியவர். சாலிகிராமத்தில் வேப்பமரத்தடி வண்டி. "இருங்க சார்" என்று வீட்டுக்குப் போனவர் அரை மணி நேரம் கழித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், சட்டைக் கையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், லைட் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வண்டி மேல் யாரோ வீட்டு வெள்ளை பெட்ஷீட் விரித்துக் கிடந்தது, அதிலிருந்து எகிறிய வெளிச்சம் தாடைக்குக் கீழே இருந்த நிழலைத் தூக்கிவிட்டது, நான் ரிஃப்ளெக்டரே எடுக்கவில்லை. 85 எம்எம் லென்ஸில் ஆறே ஃபிரேம். கம்பெனி எம்.டி.க்களுக்கு நான் எடுத்த எந்தப் போட்டோவிலும் அப்படி ஒரு நிற்பு இல்லை. அப்புறம் எல்லோரிடமும் எந்தச் சட்டையில் எடுக்கலாம் என்று அவர்களையே கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தர் நெற்றித் தழும்பை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

ஆல்பம்_அண்ணாச்சி:
தழும்பை ரீடச் பண்ணச் சொன்னாராம், இவர் பண்ணினாராம். தம்பி, இதுக்குப் பெயர் கிளையன்ட் வேலை. என்ன, பில் மட்டும் போடவில்லை.

நிழல்:
இருக்கட்டுமே. அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென் 1948 டிசம்பரில் வோக் என்கிற ஃபேஷன் பத்திரிகை வேலையாகப் பெரு நாட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் கிளம்பாமல் கூஸ்கோ ஊரில் ஒரு ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து உள்ளூர் ஆட்களைப் படம் எடுத்தார். உட்காருகிறவர்களுக்கு இவர் காசு கொடுத்தார், வழக்கத்துக்கு நேர் தலைகீழாக. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் அந்தப் படங்களும் சேர்ந்துதான் ஞாபகம் வருகின்றன.

ஆல்பம்_அண்ணாச்சி:
பெரு வரைக்கும் போன விமான டிக்கெட் யார் கணக்கு? வோக் கணக்கு. அந்தப் படங்களும் அடுத்த வருஷமே அதே வோக்கில்தான் வந்தன. வடபழனி தம்பிக்கு அப்படி ஒரு வோக் இருக்கிறதா, கேட்டுச் சொல்லுங்கள்.

நாலாவது_மாடி:
வோக் கதையெல்லாம் இருக்கட்டும். அந்த 14 பேருக்கும் பிரிண்ட் போச்சா இல்லையா?

வடபழனி_வாசி:
ஒன்பது பேருக்கு 8க்கு 12 கொடுத்துவிட்டேன் மேடம். ரெண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மீதி மூன்று என் டேபிளில் இருக்கிறது, என் சோம்பேறித்தனம்தான், இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன்.

ஆல்பம்_அண்ணாச்சி:
பளபளா பேப்பரா? வண்டியில் மாட்டினால் கரித்தூளும் ஆவியும் பட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. மேட் பேப்பரில் போட்டு லேமினேட் பண்ணிக் கொடுங்கள். வெட்டி வேலைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.