ஏழாம் நாளில் கண் திறந்த எலிக்குட்டிகள்

உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் இறந்துவிட்டார் என்ற செய்தி 2020 பிப்ரவரியில் வந்தபோது நான் ஆய்வகத்தில் செல்களுக்கு மீடியம் என்ற சத்துநீரை மாற்றிக்கொண்டிருந்தேன். 97 வயது, நிறைவாழ்வு, அதெல்லாம் சரி. ஆனாலும் அன்று முழுக்க மனது ஒரு மாதிரியாகவே இருந்தது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, ஒரு மின்னஞ்சல்கூட எழுதியதில்லை. அவர் கண்டுபிடித்த, செல்களை வளரச் சொல்லும் ஈ.ஜி.எஃப். என்ற 53 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதத்தோடுதான் என் பி.எச்.டி.யின் ஐந்தரை வருஷமும் போனது, அந்த உறவுதான். வளர்ச்சிக் காரணி, செல் சிக்னலிங் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிவிடலாம், அது நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்போதுதான் வேறு மாதிரி இருக்கிறது. ஆய்வகத்திலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ இதைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதை.

முதல் வருஷம் எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது என்றார்கள். செல்களை ராத்திரி முழுக்க சீரம் இல்லாமல் பட்டினி போட வேண்டும், காலையில் ஈ.ஜி.எஃப். விட வேண்டும், ஐந்து நிமிஷம் கழித்துத் தட்டை ஐஸ் மேல் வைத்து செல்களை உடைக்க வேண்டும், அப்புறம் அந்த ஈ.ஜி.எஃப். போய் ஒட்டிய ஏற்பியில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று, புரதத்தை ஃபிலிமில் கோடாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பார்க்க வேண்டும். நான்கு மாதம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் ஃபிலிமை டெவலப்பரில் அலசிக்கொண்டே நிற்பேன், கோடு வராது. ஏற்பி இருக்கிறதா என்று பார்த்தால் இருக்கிறது, பாஸ்பேட் மட்டும் இல்லை. நமக்கு இந்த வேலை சரிப்படாது என்று ஊருக்குக் கிளம்பும் யோசனையே வந்துவிட்டது.

கடைசியில் பிடித்தது பக்கத்து பெஞ்ச் சீனியர் அக்கா. என் சோடியம் ஆர்த்தோவனடேட் புட்டியைத் தூக்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது மஞ்சளா இருக்கேப்பா, கொதிக்க வெச்சியா?" என்றார். செல் உடைந்த மறுகணமே அதற்குள் இருக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகள், ஏற்பியில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றிப் போட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் வனடேட். ஆனால் கரைசலை பி.எச். 10-க்குக் கொண்டுவரும்போது அது மஞ்சளாகும், அந்த நிலையில் அது சரியாக வேலை செய்யாது. கொதிக்கவைத்தால் மஞ்சள் மெல்ல மெல்ல வெளிறி, ஒரு கட்டத்தில் வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் தெளியும். ஆறவிட்டு மறுபடி பி.எச். பார்த்து, மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்கவைத்து, நிறமே வராத வரை இதையே செய்ய வேண்டும். அன்று சாயங்காலம் அக்கா பக்கத்தில் நின்று செய்யவைத்தார். அந்த வாரம் எடுத்த ஃபிலிமில், ஏற்பியின் எடைக்குரிய 170 கிலோடால்டன் பக்கத்தில், ஈ.ஜி.எஃப். விட்ட லேனில் மட்டும், மைதொட்டு இழுத்த மாதிரி கருப்பாக ஒரு கோடு. அந்த ஃபிலிம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கோஹனின் பழைய கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். 1953-ல் அவர் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் சேர்ந்து, ரீட்டா லெவி மொண்டால்சினி கண்டுபிடித்திருந்த நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுத்திகரிக்கிறார். அது எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஏராளமாக இருக்கிறது. அந்தச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கும்போது, வழக்கமாகப் பன்னிரண்டு பதினாலு நாளில் கண் திறக்க வேண்டிய குட்டிகள் ஏழு நாளிலேயே திறந்துவிடுகின்றன, பல்லும் முன்கூட்டியே முளைக்கிறது. அவர் தேடியது நரம்பு. கண்ணுக்கும் பல்லுக்கும் அதில் வேலையே இல்லை. சாற்றில் ஏதோ அழுக்கு என்று ஒதுக்கிவிட்டு மேலே போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1959-ல் நாஷ்வில் நகரத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்த "அழுக்கை"யே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். சுத்திகரிப்பில் வரும் ஒவ்வொரு பங்கிலும் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குக் கருவி கிடையாது. குட்டிகளுக்கு ஊசி போட்டுவிட்டுக் கண் எப்போது திறக்கிறது என்று காத்திருப்பதுதான் அளவீடு. 1962-ல் கட்டுரை வந்தது. அந்த அழுக்குதான் ஈ.ஜி.எஃப். எனக்கு நான்கு மாதத்தில் பொறுமை போய்விட்டது என்பதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

* * *

உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அண்ணா. எனக்கு விஞ்ஞானம் அவ்வளவாகத் தெரியாது. வங்கியில் வேலை. நீங்கள் சொன்ன அந்த ஏற்பியின் பெயரை, ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எழுத்துக்களை, நான் முதலில் பார்த்தது அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில்.

அப்பா ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ரிட்டையர் ஆன இரண்டாம் வருஷம் இருமல் நிற்கவே இல்லை. முதலில் பார்த்த இடத்தில் மூன்று மாதம் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஸ்கேன் எடுக்கச் சொல்லவே இல்லை, அந்த மூன்று மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு போன புற்றுநோய் டாக்டர்தான் ரிப்போர்ட்டில் விரலை வைத்துக் காட்டினார். "இந்த ஏற்பி ஒரு காலிங் பெல் மாதிரி அம்மா. வெளியில் யாராவது அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு எக்ஸான் 19 என்ற இடத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, அதனால் யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டே இருக்கிறது. செல்லும் வளரச் சொல்கிறார்கள் என்று வளர்ந்துகொண்டே இருக்கிறது." புகை பிடிக்காத ஆசியர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் இந்த மாற்றம் அதிகம் காணப்படும் என்றும், அதற்கென்றே மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னார். ஜெஃபிட்டினிப், ஒரு நாளைக்கு ஒன்று.

அண்ணா, மூன்றாவது வாரம் அப்பா மாடிப்படி ஏறினார். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவராகவே துணி காயப் போட மேலே போய்விட்டார்.

முகமெல்லாம் பரு மாதிரி பொரிந்தது, நகக்கண் வலித்தது. டாக்டர் அதைத் தோலில் இருக்கும் அதே ஏற்பியையும் மருந்து அடைப்பதால் வருகிறது என்றார். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். யாரும் சொல்லாதது கண்ணிமை. ஏழெட்டு மாதத்தில் அப்பாவின் இமைமுடி நீண்டு, சுருண்டு, மூக்குக்கண்ணாடியின் கண்ணாடியில் உரச ஆரம்பித்தது. உள்பக்கம் திரும்பிய முடி கண்ணில் குத்தும், நீர் வழியும். கண் டாக்டர் காட்டிக்கொடுத்தபடி முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் நான்தான் வெட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் நாற்காலி போட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் எனக்கு நகம் வெட்டும்போது அவர் சொன்னதையே நான் அவருக்குச் சொல்வேன், "ஆடாம இரு".

ஒன்றே முக்கால் வருஷம் அந்த மாத்திரை கேட்டது. அப்புறம் அதே ஏற்பியில் டி790எம் என்று இன்னொரு மாற்றம் வந்தது, மாத்திரை கேட்காமல் போனது, ஒசிமெர்ட்டினிப் என்ற வேறு மாத்திரைக்கு மாறினோம், அதில் இன்னொரு வருஷத்துக்கு மேல் இருந்தார். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அவர் இருந்தார். எலிக்குட்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னலோர நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

* * *

என்னுடையது சின்ன அனுபவம். சர்க்கரை எனக்குப் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. வலது பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், செருப்பு கடித்ததுதான், உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. ஐந்து மாதம் ஆறவே இல்லை. மதுரையில் பாதத்துக்கென்று பார்க்கும் டாக்டர் ஒருவர் செத்த தோலையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். ஈ.ஜி.எஃப்பைச் செயற்கையாகத் தயாரித்து ஜெல்லில் கலந்தது, ஹைதராபாத் பாரத் பயோடெக் தயாரிப்பு. ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கும், பேரன் தொட்டுவிடக் கூடாது என்று மனைவி மேலே ரப்பர் பேண்ட் போட்டிருப்பாள்.

புண்ணின் நடுவில் வெளிறிய மஞ்சளாக இருந்தது. மூன்றாம் வாரம் கட்டைப் பிரித்தபோது சின்னச் சின்ன மணிகளாகச் சிவப்பாகச் சதை எழும்பியிருந்தது, மாதுளம் முத்து மாதிரி. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு மறக்காது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஜெல் மட்டும் ஆற்றவில்லை. அந்தக் காலைத் தரையில் ஊன்றவே விடவில்லை, தனிச் செருப்பு, இன்சுலின், தினமும் சர்க்கரைக் கணக்கு. ஜெல்லைத் தடவிக்கொண்டு பழையபடி நடந்துகொண்டிருந்த ஒருத்தருக்கு விரலை எடுக்க வேண்டி வந்ததையும் அதே வராந்தாவில் பார்த்தேன்.

* * *

ரீட்டாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் வருகிறேன். நாமக்கல் பக்கம் உயிரியல் ஆசிரியை. எங்கள் ஊரில் முட்டைக்கா பஞ்சம்? ஆனால் கடை முட்டையில் கரு இருக்காது, ஹேட்ச்சரி முட்டை வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மூன்று நாள் அடைகாத்த முட்டை ஒன்றை வாங்கிவந்து, மொட்டைப் பக்கம் ஓட்டைச் சில்லுச் சில்லாக இடுக்கியால் எடுத்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டுவேன். மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய், நடுவில் கடுகு அளவில் துடிக்கும் இதயம். வகுப்பே மூச்சு விடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரீட்டாவின் கதையைச் சொல்வேன். இத்தாலியில் 1938-ல் இனச் சட்டம் வந்து, யூதர் என்பதற்காக அவர் பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய முடியாமல் போகிறது. டூரின் நகரத்து வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்கிறார். குண்டு விழ ஆரம்பித்ததும் குடும்பம் கிராமத்துக்குப் போகிறது, அங்கே சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய்க் குழந்தைகளுக்கு என்று சொல்லி முட்டை கேட்பாராம், அதுவும் சேவல் இருக்கிற பண்ணையா என்று விசாரித்து. போருக்குப் பிறகு ஒரு பருவத்துக்கு என்று அமெரிக்கா போனவர் முப்பது வருஷம் அங்கேயே வேலை செய்தார். 1952-ல் எலிக் கட்டியை வைத்துச் செய்யும் சோதனைக்காக இரண்டு எலிகளைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் கட்டியின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி, சூரியனைச் சுற்றிக் கதிர் மாதிரி, நார்கள் வட்டமாக முளைத்ததைப் பார்த்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து நரம்பை வளரச் சொல்கிறது என்பதற்கு அதுதான் கண்ணால் கண்ட சாட்சி. 1986-ல் அவருக்கும் கோஹனுக்கும் சேர்த்து நோபல் பரிசு.

போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள், "டீச்சர், ஒரு செல் இன்னொரு செல்லைக் கூப்பிட்டா அதுக்கு எப்படிக் கேட்குது?" நான் படம் போட்டு ஏதோ சொன்னேன், அவளுக்குத் திருப்தி இல்லை. தம்பி, நீங்கள் யாராவது எளிமையாகச் சொல்லுங்களேன்.

* * *

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் மாணவிக்கு என் பதில். ஈ.ஜி.எஃப். செல்லுக்குள் போய்ச் சேதி சொல்வதில்லை. செல்லின் தோலில் நிற்கும் இரண்டு ஏற்பிகள் அது வந்து ஒட்டியதும் ஜோடி சேரும், உள்ளே தொங்கும் வால்களில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஒட்டிவிடும். அந்த பாஸ்பேட்தான் அடையாளம். அதைப் பார்த்து உள்ளிருக்கும் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டி, ராஸ், ராஃப், மெக், எர்க் என்று சேதியைக் கைமாற்றிச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த பாஸ்பேட் டைரோசினில் ஏறுகிறது என்பதை இந்த ஏற்பியில் கோஹனின் ஆய்வகம் 1980-ல் காட்டியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் டோனி ஹன்டர் என்ற விஞ்ஞானி வேறொரு சோதனையில் டைரோசினில் பாஸ்பேட் ஏறுவதைப் பார்த்துவிட்டார், அதுவும் பழைய கரைசலையே திரும்பப் பயன்படுத்தியதால் அதன் பி.எச். 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கிப்போய், அதுவரை ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்த, பாஸ்பேட் ஏறிய டைரோசின், த்ரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் புள்ளிகள் அன்று தனித்தனியாகப் பிரிந்ததால். சாதாரண செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு 0.03 சதவீதம்தான். அதை அவர் தவறவிடவில்லை.

அப்பாவுக்கு இமை வெட்டிவிட்ட தங்கைக்கு: இத்தனை வருஷம் இந்த ஏற்பியோடு இருந்தும், அது அடைபட்டால் இமைமுடி நீளும் என்பதைப் பக்க விளைவுப் பட்டியலில் ஒரு சொல்லாக மட்டுமே பார்த்திருக்கிறேன். இனி அப்படிப் பார்க்க முடியாது.

டீச்சர், அந்த முதல் ஃபிலிமை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அசலை உங்கள் பள்ளிக்கு அனுப்புகிறேன். இடதுபக்க லேனில் கோடு இருக்காது, வலதுபக்கத்தில் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள்.