'மைக்ரேஷன்' = யாப்புத் திருத்தம்? (தரவுத்தளக் கருவித் தெரிவு தொடர்பாக)

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்தத் தரவுத்தளக் கருவியை எடுப்பது என்று தொடங்கிய இந்த இழை, தரவுத்தளத்தின் வடிவத்தை மாற்றும் வேலையைக் குறிக்கும் 'மைக்ரேஷன்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் வந்து நிற்கிறது. சொல் விவாதத்தைத் தனி இழையாகப் பிரிக்கலாம் என்று கோவை நண்பர் சொன்னார். நான் பிரிக்காமலே எழுதுகிறேன். கருவித் தெரிவும் இந்தச் சொல்லும் ஒன்றோடொன்று பிணைந்தவை. போன வாரம் முழுக்க ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காமல் போனதற்குக் காரணமே, ஆளுக்கு ஒரு பொருளை மனதில் வைத்து ஒரே சொல்லைப் பாவித்ததுதான்.

முதலில் எங்கள் தேவை. கொழும்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய நலன்புரிச் சங்கத்துக்குத் தரவுத்தளம் ஒன்று செய்கிறோம். உதவி பெறும் குடும்பங்களின் விபரங்கள்தான் அதில் இருக்கும். இதுவரை எல்லாம் மைக்ரோசொப்ட் அக்சஸில், ஒரே கணினியில் இருந்தது. அக்சஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. எங்கள் கோப்பு அந்த அளவுக்கு வளரவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் இருப்பவரும் வவுனியாவில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்ற நிலை வந்தபிறகு அது சரிவரவில்லை.

'தரவுத்தளக் கருவி' என்ற பெயரில் இந்த இழையில் மூன்று வேறு பொருட்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தரவைச் சேமித்து, வினவலுக்குப் பதில் தருவது ஒன்று: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் எல்லாம் இந்த வகை. எங்கள் பாடநூல்கள் இதைத் தரவுத்தள முகாமைத்துவ முறைமை என்கின்றன, தமிழகத்தில் தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்பார்கள். இரண்டும் நிலைத்துவிட்ட சொற்கள், அதில் சண்டை வேண்டாம். அடுத்தது, அட்டவணைகளைத் திறந்து பார்க்கவும் வினவல் எழுதவும் உதவும் சாளரம்: டிபீவர், பிஜிஅட்மின் போன்றவை. இழையில் பாதிக் கடிதங்கள் இதைப் பற்றித்தான். உண்மையில் இதில்தான் கவலை குறைவு. டிபீவர் மேலே சொன்ன மூன்றோடும் பேசும். பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறொன்றுக்கு மாறலாம், தரவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது வகைதான் முக்கியம். தரவுத்தளத்தின் வடிவத்தைக் காலப்போக்கில் மாற்றிக்கொண்டு போக உதவும் கருவி. ஃப்ளைவே, லிக்விபேஸ் இந்த வகை. இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவில் 1.7 பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், அதற்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. இந்தக் கருவிகள் செய்யும் வேலைக்குப் பெயர்தான் மைக்ரேஷன்.

அது என்ன வேலை என்பதை எங்கள் தரவுத்தளத்தை வைத்தே சொல்கிறேன். 'குடும்பம்' என்ற அட்டவணையில் 'தொலைபேசி' என்று ஒரு நிரல் இருந்தது. (இலங்கையில் நிரை கிடையாக, நிரல் நெடுக்காக. தமிழக நண்பர்கள் நிரல் என்றால் புரோகிராம் என்று எடுப்பீர்கள். அதனால்தான் நாங்கள் அதைச் செய்நிரல் என்கிறோம்.) ஒரு வீட்டில் அம்மாவுக்கு ஓர் இலக்கம், மகனுக்கு ஓர் இலக்கம், பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்று. பதிந்தவர்கள் மூன்றையும் காற்புள்ளி போட்டு ஒரே பெட்டிக்குள் அடித்து வைத்தார்கள். பிறகு ஓர் இலக்கத்தை வைத்துக் குடும்பத்தைத் தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்ய மூன்று கட்டளைகள் வேண்டும். தொலைபேசிக்கென்று தனி அட்டவணை உருவாக்கிக் குடும்ப இலக்கத்தை அந்நியச் சாவியாக (எந்தக் குடும்பத்துக்குரியது என்று காட்டும் இணைப்பாக) வைக்க வேண்டும். பழைய இலக்கங்களைப் பிரித்து அங்கே எழுத வேண்டும். அப்புறம் பழைய நிரலை நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் இலக்கங்கள் போய்விடும். என் மடிகணினியிலும், சோதனைக் கணினியிலும், சங்கத்தின் கணினியிலும் இதே மூன்றும் இதே வரிசையில் ஒரே ஒருமுறை நடக்க வேண்டும். அதற்காக அவற்றை ஒரு கோப்பில் எழுதி அதற்கு எண் போடுகிறோம். எந்த எண் வரை நடந்துவிட்டது என்பதைத் தரவுத்தளமே தனக்குள் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது.

இனிக் கருவித் தெரிவு. மூன்று கட்டளைகளில் இரண்டாவது பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையை உருவாக்கும், மாற்றும் கட்டளைகள் ஓடியவுடனே உறுதியாகிவிடும், அதாவது பிறகு கைவிட முடியாதபடி பதிவாகிவிடும். அதற்கு முன் நடந்து உறுதியாகாமல் இருந்தவற்றையும் சேர்த்து உறுதியாக்கிவிடும். ஆகவே இரண்டாவது கட்டளை தவறினால் புதிய அட்டவணை அங்கேயே நிற்கும், அதைக் கையால்தான் நீக்க வேண்டும். 2018 இல் வந்த 8.0 பதிப்பில் ஒவ்வொரு கட்டளையும் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது என்ற உறுதி கிடைத்தது. அது தனிக் கட்டளைக்குத்தான், மூன்றையும் ஒன்றாகக் கட்ட அது போதாது. போஸ்ட்கிரெஸில் மூன்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள், அதாவது முழுதாக நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காத ஒரே கட்டுக்குள், போடலாம். ஒன்று தவறினால் மூன்றும் நடக்காதது போல் பழைய நிலைக்கு வந்துவிடும். புதிய தரவுத்தளத்தையே உருவாக்குவது போன்ற சில கட்டளைகள் விதிவிலக்கு. எஸ்கியூலைட்டிலும் இது முடியும், ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம்.

எங்களிடம் முழுநேரத் தொழினுட்ப ஆள் இல்லை. இரவில் வீட்டிலிருந்து யாராவது இணைந்து செய்யும் வேலை இது. பாதியில் நின்ற தரவுத்தளத்தைக் காலையில் சங்கத்துக்கு வருபவரின் தலையில் கட்டக்கூடாது. என் தெரிவு போஸ்ட்கிரெஸ், கூடவே ஃப்ளைவே. அகர வரிசையும் ஒரு காரணம். ஒருங்குறிக் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் மனோகரன் முன்னே, மயூரன் பின்னே வருவார்கள்; ன அங்கே ந வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அகராதி முறையில் மயூரன்தான் முதலில் வர வேண்டும். 2017 இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் தமிழ் வரிசைமுறையைத் தெரிவுசெய்து பெயர்ப்பட்டியலைச் சரியாக அடுக்கலாம்.

இப்போது சொல். இடைமுகத்தைத் தமிழாக்கத் தொடங்கியபோது கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்து 'இடப்பெயர்வு' என்று போட்டோம். பொத்தானில் 'இடப்பெயர்வை இயக்கு' என்று வந்தது. அதே தரவுத்தளத்தில் 'இடப்பெயர்வு' என்ற பெயரில் ஓர் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டு, புறப்பட்ட ஊர், போய்ச் சேர்ந்த ஊர். 1990, மன்னார், புத்தளம். 1995, வலிகாமம், தென்மராட்சி. இப்படி நிரை நிரையாக இருக்கிறது. தரவு பதியும் அக்கா அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு, இதை அழுத்தினால் குடும்பங்களின் பதிவு மாறிவிடுமா என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். இங்கே இடப்பெயர்வு என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. சொந்தமாகவோ அயலிலோ அதை அனுபவித்தவர்கள் தினமும் பார்க்கும் திரையில், அட்டவணை மாற்றுவதற்கு அந்தச் சொல்லை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வேறு நாட்டில், வேறு பாவனையாளர்களிடம் அது சாதாரண சொல்லாக இருக்கலாம். எங்கள் திரையில் வேண்டாம்.

வெறும் 'பெயர்வு' என்று சுருக்கலாம் என்று ஒருவர் எழுதினார். நினைவு அங்கேதான் போகும். அதைவிடப் பெரிய குறை, இங்கே எதுவும் பெயரவில்லை. அட்டவணை இருந்த இடத்திலேயே இருந்து வடிவம் மாறுகிறது.

'வலசை' என்ற பரிந்துரையை நான் மிகவும் இரசித்தேன். ஃப்ளைவே என்ற சொல்லே பறவைகள் வலசை போகும் வான்வழியைக் குறிப்பது. மன்னாருக்கு வந்திறங்கும் பறவைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே ஒட்டும். ஆனால் பறவை இடம்தான் மாறுகிறது, மாறாத பறவையாகவே திரும்பிப் போகிறது. எங்கள் அட்டவணை அதற்கு நேர்மாறு. வலசையைப் பறவைகளுக்கே விட்டுவிடுவோம். 'மேம்படுத்தல்' அப்கிரேடுக்குப் போய்விட்டது. 'மாற்றம்' எதற்கும் பொருந்தும் என்பதாலேயே இதற்குப் பொருந்தாது.

என் பரிந்துரை: ஸ்கீமாவுக்கு (அட்டவணைகள், நிரல்கள், சாவிகள் சேர்ந்த தரவுத்தள வடிவத்துக்கு) யாப்பு, ஸ்கீமா மைக்ரேஷனுக்கு யாப்புத் திருத்தம். சூழலில் தெளிவாக இருக்கும் இடங்களில் 'திருத்தம்' மட்டும் போதும்.

இலங்கையில் யாப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பழைய மாணவர் சங்கத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் யாப்பு உண்டு. யார் அங்கத்தவர், எதற்கு எது கட்டுப்பட்டது, எது கட்டாயம், எது விருப்பம் என்று சொல்வது யாப்பு. ஸ்கீமாவும் இதையேதான் சொல்கிறது. யாப்பைத் திருத்துவதற்கு ஒரு முறையும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். நாட்டின் அரசியலமைப்பையே எடுங்கள். 1978 ஆம் ஆண்டின் யாப்பில் தமிழும் அரச கரும மொழி என்று வந்தது 1987 இன் 13ஆவது திருத்தத்தால். ஜனாதிபதியின் அதிகாரங்களை 2015 இல் 19ஆவது திருத்தம் குறைத்தது. 2020 இல் 20ஆவது திருத்தம் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. 2022 இல் 21ஆவது திருத்தம் மறுபடி சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. யாரும் போய் 19 ஐ அழித்து எழுதவில்லை. முன்னையதை மாற்ற வேண்டுமென்றாலும் அடுத்த எண்ணோடு புதிய திருத்தம்தான் வந்தது. ஃப்ளைவே எங்களிடம் கேட்பதும் இதே ஒழுங்கைத்தான். நிறைவேறிய ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அது குறித்து வைத்திருக்கும். பழைய கோப்பில் பிறகு யாராவது கைவைத்தால், அடுத்த தடவை ஓடும்போது அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். புதிதாக வரும் ஆளுக்கு இந்த விதியை விளக்க முன்பெல்லாம் நீண்ட நேரம் எடுக்கும். "நிறைவேறிய திருத்தத்தில் கைவைக்காதே, அடுத்த திருத்தம் கொண்டு வா" என்றால் ஒரே வரியில் முடிகிறது.

வினைச்சொல்லும் தானாகவே வந்து சேர்கிறது. கட்டளையையும் நிறைவேற்றுகிறோம், திருத்தத்தையும் நிறைவேற்றுகிறோம். 'நிலுவையில் உள்ள திருத்தங்கள்', 'கடைசியாக நிறைவேறிய திருத்தம்: 14' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு வாடை அடிக்கவில்லை.

வரக்கூடிய மறுப்புகள் இரண்டு தெரிகின்றன. யாப்பு என்றால் செய்யுள் இலக்கணம் அல்லவா என்று தமிழக நண்பர்கள் கேட்பீர்கள். யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்தையும் அசையையும் சீரையும் கட்டுவதால் செய்யுளுக்கு யாப்பு. நிரலையும் சாவியையும் அட்டவணையையும் கட்டுவதற்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். 'அமைப்பு' என்று வைக்கலாமே என்றால், இங்கே அது நிறுவனத்தையும் இயக்கத்தையும் குறிக்கும், அங்கே சிஸ்டத்தைக் குறிக்கும். 'கட்டமைப்பு' என்றால் வீதியும் பாலமும் நினைவுக்கு வரும்.

இரண்டாவது மறுப்பு யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா ஏற்கெனவே தொட்டது: திருத்தம் என்றால் முன்பு பிழை இருந்தது என்று ஆகாதா? பரீட்சைத் தாளில் அப்படித்தான். சட்டத்திலும் யாப்பிலும் அப்படி இல்லை, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் திருத்தம்தான். ஆனாலும் ஐயா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மென்பொருளில் பிழைதிருத்தம் என்ற சொல் அடிக்கடி வருவதால், பொத்தானிலும் தலைப்பிலும் 'யாப்புத் திருத்தம்' என்று முழுதாகவே எழுத வேண்டும். சுருக்கம் கையேட்டின் உடலில் மட்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அக்சஸிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் பதிவுகளைக் கொண்டுபோவதையும் ஆங்கிலத்தில் மைக்ரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே யாப்புத் திருத்தம் பொருந்தாது, அது வேறு வேலை. ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அதற்குத் 'தரவுப் பெயர்ப்பு' என்பேன். பெயர்வு தானாக நடப்பது, பெயர்ப்பு நாம் செய்வது. மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே பெயர்ப்பு. இடப்பெயர்வின் நிழலும் அதில் விழாது.

இன்னும் முடிவாகாமல் இருப்பது ரோல்பேக், அதாவது செய்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. இதிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. டிரான்ஸாக்‌ஷன் உறுதியாகும் முன் கைவிடுவது ஒன்று. அதற்கு 'மீளப்பெறல்' பொருந்துகிறது, சட்டமூலத்தை வாக்கெடுப்புக்கு முன் மீளப்பெறுவது போல. நிறைவேறிய திருத்தத்தைப் பிறகு எதிர்க் கட்டளைகளால் பின்னுக்குக் கொண்டுபோவது மற்றது. ஜாங்கோவில் அந்த வசதி உண்டு. அதற்கு 'இரத்து' என்று வைக்க நினைத்தேன். ஆனால் எங்கள் திரைகளில் கேன்சல் பொத்தானுக்கும் 'இரத்துச்செய்' என்றே இருக்கிறது. உரையாடல் பெட்டியை மூட நினைத்து ஒருவர் திருத்தத்தைப் பின்னுக்கு எடுத்துவிடக்கூடும். அந்த ஆபத்து இல்லாத ஒரு சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். யாப்பு, யாப்புத் திருத்தம், தரவுப் பெயர்ப்பு மூன்றையும் இந்த வார இறுதியில் இடைமுகக் கோப்பில் ஏற்றுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து