குத்தகை முடிஞ்ச கல்குவாரிக் குழி: வேலிக்கு யார் பொறுப்பு?

மேட்டுக்காட்டு மல்லிகா:
வணக்கமுங்க. கரூர் மாவட்டம். எங்க தோட்டத்துக்கு மேற்கால இருந்த கல்குவாரிக்குக் குத்தகை முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. கிரஷரைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க, குழி அப்படியே கிடக்குது. லாரி இறங்கின பாதை ஒரு பக்கம், மத்த மூணு பக்கமும் செங்குத்தான பாறை. நட்ட கல்லெல்லாம் சாஞ்சு முள்கம்பி பாதி காணோம். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க மீன் பிடிக்க அதுக்குள்ள இறங்குதுங்க. போன ஆடியில என் வெள்ளாட்டுக்குட்டி செங்குத்துப் பக்கமா விழுந்து, மேல கொண்டுவர வழியே இல்லாமப் போச்சு.

நிலத்துக்காரரைக் கேட்டா "நான் குத்தகைக்கு விட்டவன்தானே"ங்கறார். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில (சுரங்கத்தால பாதிக்கப்பட்ட ஊருக்குச் செலவு பண்ண குத்தகைக்காரங்ககிட்ட வாங்கி வைக்கிற பணம்) வேலி போடச் சொல்லி மனு எழுதலாம்னு ஊர்ல பேசறாங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க. கல்லை வித்துக் காசு பார்த்தவங்க ஒருத்தர், வேலிக்கு ஊருக்கு வர வேண்டிய பணமா? என்ன செய்யலாம்?

காங்கேயம் சரவணன்:
திங்கக்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க அக்கா. குழியை முழுசா மண்ணு போட்டு மூடணும்னே கேளுங்க.

பழைய ஃபோர்மேன்:
மல்லிகா அம்மா, நான் குவாரிகளில் மேட் (தொழிலாளர் குழுவை மேற்பார்ப்பவர்) ஆகவும் பிறகு ஃபோர்மேனாகவும் வேலை பார்த்தவன். தம்பி சொன்னதில் மனு சரி, கேட்கும் விஷயம் சரியில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண்ணும் கழிவும் மலை மலையாக மிஞ்சும், குழியை நிரப்பலாம். நம்ம கருங்கல் குவாரியில் வெட்டியது எல்லாமே ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போய்விட்டது. மூட மண்ணுக்கு எங்கே போவது? அதனால்தான், எப்படி வெட்டுவோம், முடிந்ததும் என்ன செய்வோம் என்று குவாரிக்காரர் எழுதிக் கொடுக்கும் சுரங்கத் திட்டங்களில் பெரும்பாலும் "குழி மழைநீர்த் தேக்கமாக விடப்படும், சுற்றிலும் வேலி, மரம்" என்று எழுதுகிறார்கள். எழுதியதைச் செய்யச் சொல்லுங்கள். அதில் அவர்களால் நழுவ முடியாது.

முதலில் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் அது கட்டாயம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். சுரங்கத் திட்டத்தின் வரைபடத்தில் பெஞ்ச், அதாவது பாறையைப் படிப்படியாக வெட்டுவது, எத்தனை மீட்டர் உயரம் அகலம் என்று போட்டிருக்கும். நீங்கள் சொல்லும் செங்குத்துப் பாறையைப் பார்த்தால் பெஞ்சே விடாமல் வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. விழுந்தது மேலே ஏற முடியாமல் போவது அதனால்தான். என் மேற்பார்வையில் இப்படி ஒரு வெட்டுப்பாறை முகம் நின்றிருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பேன்.

வேலி விஷயம் 1961-ம் வருட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. திறந்தவெளிக் குழியின் விளிம்பில் வேலி போட வேண்டியது சுரங்கம் நடத்தியவரின் கடமை. ஆகவே மனுவில் அறக்கட்டளை நிதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். 2015-ல் அந்த அறக்கட்டளைக்கான சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக. முன்னுரிமை குடிநீருக்கும் மருத்துவத்துக்கும். குத்தகைதாரர் விட்டுப்போன வேலையை அந்தக் காசில் முடித்தால் அடுத்த குவாரிக்காரரும் விட்டுவிட்டுத்தான் போவார்.

மேட்டுக்காட்டு மல்லிகா:
ரொம்ப நன்றிங்க ஐயா. ஆனா அந்தக் குத்தகைக்காரர் இப்போ ஊர்லயே இல்லையே, பணத்துக்கு என்ன பிடிமானம்?

சுரங்கச் சட்டம் படிப்பவள்:
அக்கா, கட்டின காப்புத்தொகை இன்னும் திரும்பிப் போகலையானு கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்துல தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. நிலக்கரி தவிர்த்த பெருங்கனிமச் சுரங்கம்னா (இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் மாதிரி) மூடுறதுக்கு 2 வருஷம் முன்னாடியே இறுதி மூடல் திட்டம் கொடுக்கணும், நிதி உத்தரவாதமும் வைக்கணும். கருங்கல் மாதிரி சிறுகனிமத்துக்கு விதி போடுற அதிகாரம் மாநிலத்துக்கிட்ட இருக்கு, அந்த அளவு இறுக்கம் இங்க இல்ல. நம்ம ஊர்ல அதிகமா நடக்கறது சிறுகனிமக் குவாரிதான், இங்கதான் விதி தளர்வா இருக்கு. இது மாறியே ஆகணும்.

இன்னொன்னு. 2020 ஜனவரி 8-ல உச்ச நீதிமன்றம், வெட்டி முடிச்ச இடத்துல புல் வளர்த்து மேய்ச்சலுக்கு ஏத்த மாதிரி ஆக்கணும்னு குத்தகையிலயே நிபந்தனை போடச் சொல்லுச்சு. அந்தக் குவாரிக் குத்தகை அதுக்கு முன்னாடி கொடுத்ததா, பின்னாடியானு பாருங்க.

பழைய ஃபோர்மேன்:
ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை குவாரிக்காரர்கள் கொடுத்திருக்க வேண்டிய இணக்க அறிக்கைகளையும் (சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்ற அறிக்கை) சேர்த்துக் கேளுங்கள். "வேலி போட்டாயிற்று" என்று அதில் எழுதியிருந்தால், உங்கள் போட்டோவை அதன் பக்கத்தில் வைத்து ஆட்சியருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை பிள்ளைகள் இறங்காதபடி அந்த லாரிப் பாதையை மட்டுமாவது முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள்.