அட்ரினல் ஸ்லைடில் முதல் ஆன்டிபாடி இல்லாமலே பழுப்பு நிறம்: உதவி வேண்டும்

வணக்கம். அட்ரினலில் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) இருப்பது மார்பகப் புற்றுநோயின் பரவலா, அங்கேயே உருவான கட்டியா என்று பிரிக்கும் இம்யூனோ சாயத்தில் (ஆன்டிபாடி கொண்டு திசுவிலுள்ள புரதத்தைக் காட்டும் சாயம்) சிக்கல்.

செய்முறை: 4 மைக்ரான் வெட்டு, பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏ கரைசலில் 97 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், அவிடின்-பயோட்டின் முறை (பயோட்டினோடு அவிடின் ஒட்டுவதைக் கொண்டு ஆன்டிபாடியைக் காட்டுவது), டிஏபி (பழுப்பு நிறம் தரும் பொருள்). முதல் ஆன்டிபாடி (தேடும் புரதத்தில் ஒட்டுவது) போடாத கட்டுப்பாட்டு ஸ்லைடிலும் கார்டெக்ஸ் (அட்ரினலின் வெளிப்பகுதி) செல்களின் சைட்டோபிளாசத்தில் பழுப்புத் துகள்கள். அதே ஓட்டத்தில் மார்பகத் திசு சுத்தம். சாயமிடாத ஸ்லைடில் நிறமே இல்லை, ஆகவே லிப்போஃபியூசின் (செல்லில் இயல்பாகச் சேரும் பழுப்பு நிறமி) அல்ல. திசுவிலேயே உள்ள பயோட்டின் சூட்டில் வெளிப்படுகிறது என்றே நினைக்கிறோம்.

கார்டெக்ஸைக் காட்டும் குறிப்பான்களில் எஸ்எஃப்-1 செல்லின் உட்கருவில் சாயமேறுவதால் படித்துவிடலாம். இன்ஹிபின், மெலன்-ஏ இரண்டும் சைட்டோபிளாசத்தில் சாயமேறுவதால் நம்ப முடியவில்லை. மெடுல்லாவை (அட்ரினலின் உட்பகுதி) காட்டும் குரோமோகிரானின்தான் பெரிய கவலை. இன்னொரு குறிப்பானான சினாப்டோஃபைசின் கார்டெக்ஸ் கட்டியிலும் வரும். காட்டா-3 என்ற குறிப்பான் மார்பகக் கட்டி, ஃபியோகுரோமோசைட்டோமா (மெடுல்லாவில் உருவாகும் கட்டி; சுருக்கமாக ஃபியோ) இரண்டிலும் வரும். மிஞ்சும் குரோமோகிரானினும் பொய்யாகப் பழுப்பு நிறம் காட்டினால் கார்டெக்ஸ் கட்டியை ஃபியோ என்று படித்துவிடுவோம்.

சூடாக்கிய பிறகு அவிடின் 15 நிமிடம், பயோட்டின் 15 நிமிடம் தடுப்பு போட்டோம், குறைந்தது, போகவில்லை. நேரத்தை நீட்டினால் பலன் உண்டா? பயோட்டின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறியவர்கள் குரோமோகிரானின் ஆன்டிபாடியை எந்த நீர்த்தல் விகிதத்திலிருந்து மறுபடி சோதித்தீர்கள்? மெடுல்லாவும் கார்டெக்ஸும் சேர்ந்த இயல்பான அட்ரினலையே கட்டுப்பாட்டுத் திசுவாக வைக்கிறீர்களா? ஆன்டிபாடியின் குளோன் (வகை) பெயரோடு சொன்னால் மிகவும் உதவும்.