எண்ணாகக் கொடுத்தால் சரி, வாக்கியமாகக் கேட்டால் தப்பு: விகிதக் கணக்கில் உதவி தேவை

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மூன்று வாரமாகச் சமான விகிதம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரே இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 3:5 = 12:? என்று கொடுத்தால் நான்கால் பெருக்கி 20 என்று பட்டென்று சொல்கிறாள். அதையே 'நீல வண்ணம் 3 பங்குக்கு மஞ்சள் 5 பங்கு, நீலம் 12 கப் எடுத்தால் மஞ்சள் எவ்வளவு?' என்று கேட்டால் 14 என்கிறாள். மூன்று பன்னிரண்டாக 9 கூடியதாம், அதனால் ஐந்தோடும் 9! நோட்டின் ஓரத்தில் குட்டியாக '+9' எழுதி வட்டம் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

அட்டவணை போட்டோம்: 3, 6, 9, 12, கீழே 5, 10, 15, 20. அது கண்முன் இருக்கும்வரை சரி, எடுத்துவிட்டால் பழைய கதைதான். ஒரு பங்குக்கு ஒரு கட்டம் என்று வரைந்தும் பார்த்தாயிற்று. 'இரண்டும் சேர்ந்து 40 கப், தனித்தனியாக எவ்வளவு' என்ற கணக்குக்கு அது நன்றாகவே உதவியது (8 கட்டம், கட்டத்துக்கு 5, ஆக 15, 25), இதற்கு மட்டும் இல்லை. குறுக்குப் பெருக்கலை வேண்டுமென்றே இன்னும் சொல்லவில்லை, காரணம் தெரியாமல் விடை மட்டும் வந்து என்ன பயன்.

14 ஏன் தப்பு என்று அவளே கண்டுபிடிக்கிற மாதிரி என்ன கேள்வி கேட்கலாம்?