மறு: ‘டேப்பர்டு லீடர்’ – ‘வழிகாட்டி இழை’யா, ‘ஒடுங்கிழை’யா?

வணக்கம்.

பொய்ப்பூச்சியை வீசி மீன்பிடிக்கும் பூச்சித் தூண்டிலில் (‘ஃப்ளை ஃபிஷிங்’), தடித்த வீச்சு நூலுக்கும் பொய்ப்பூச்சிக்கும் இடையே கட்டப்படும், அடியில் பருத்து நுனியில் மெலியும் ‘டேப்பர்டு லீடர்’ என்னும் இழைக்கு நேற்றைய மடலில் முன்மொழியப்பட்ட ‘வழிகாட்டி இழை’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. அது எதற்கும் வழிகாட்டுவதில்லை. வீசிய நூல் விரியும்போது எழும் விசையைச் சிறிது சிறிதாகத் தணித்து நுனிவரை கடத்தி, பூச்சியை நீரின் மேல் ஓசையின்றி இறக்குவதே அதன் வேலை. பிரித்தானியர் இதனையே முன்பு ‘காஸ்ட்’ என்றனர். பிரெஞ்சுக்காரர் நூலின் கீழ்ப்பகுதி என்னும் பொருளில் ‘பா த லீஞ்’ என்கின்றனர். ‘லீடர்’ என்பதை மட்டும் நாம் ஏன் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும்?

என் பரிந்துரை ‘ஒடுங்கிழை’. வினைத்தொகையாக நிற்பதால் சொல் சுருங்கி, இழையின் வடிவத்தை நேரே காட்டுகிறது. ‘கூம்பிழை’யும் நினைவுக்கு வந்தது, ஆனால் அதை உரக்கச் சொன்னால் ‘பிழை’தான் முதலில் காதில் விழுகிறது. மீன்பிடிப்போர் வாயில் வழங்கும் ‘நரம்பு’, ‘தங்கூசி’ ஆகியவை இழை செய்யப்படும் மூலப்பொருளைக் குறிப்பவை. குதிரைமயிரிலும் பட்டிலும்கூட இவ்விழையைத் திரித்திருக்கிறார்கள் என்பதால் ‘இழை’ என்ற பொதுச்சொல்லே பொருந்தும்.

சொல் நிற்குமா என்பதைச் செய்முறையில் வைத்துப் பார்க்கலாம். பாரிசின் ரிட்ஸ் விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் ரிட்ஸின் பெயரால் வழங்கும் கணக்குப்படி, நீளத்தில் 60 விழுக்காடு அடியிழை, 20 இடையிழை, 20 நுனியிழை. 9 அடி, அதாவது 108 அங்குல ஒடுங்கிழையை நாமே முடிச்சிட்டுச் செய்ய, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 21, 19, 17 பங்கு தடிமனுள்ள நைலான் துண்டுகளை முறையே 36, 16, 12 அங்குலம் எடுத்து அடியிழையாக்கி, 15, 13, 11, 9 தடிமனில் ஆறாறு அங்குலம் இடையிழையாகச் சேர்த்து, 7 தடிமனில் 20 அங்குலத்தை நுனியிழையாகக் கட்டினால் போதும். அடுத்தடுத்த துண்டுகளின் தடிமன் 2 பங்குக்கு மேல் வேறுபட்டால் முடிச்சு வழுக்கும். விசையும் அங்கே தடைபடும். இப்படிக் கட்டியதை ‘முடிச்சு ஒடுங்கிழை’ என்றும், ஆலையில் ஒரே இழையாக வருவதை ‘முடிச்சிலா ஒடுங்கிழை’ என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது.

நுனியிழையின் தடிமனைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்பதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழை எடுத்த நாளில், அதைத் துளைத்தகட்டின் வழியே எத்தனை முறை இழுத்து மெலியவைத்தார்கள் என்பதன் எண்ணிக்கையே அது. நம் பொற்கொல்லர் கம்பியச்சில் கம்பி இழுப்பதும் இதே வேலைதான். ஆகவே ‘4 எக்ஸ்’ என்பதை ‘4 இழுப்பு’ எனலாம். 11இலிருந்து இழுப்பெண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். மேற்சொன்ன 7 பங்கு நுனியிழை 4 இழுப்பாகிறது.

எஞ்சியது, இழைத்துண்டுகளை இணைக்கும் ‘பிளட் நாட்’ என்ற முடிச்சு. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றி, முனைகள் நடுக்கண்ணில் எதிரெதிராக நுழைவதால் ‘எதிர்ச்சுற்று முடிச்சு’ என்று எழுதிவருகிறேன். வலை முடிவோரிடம் இதற்கு முன்பே ஒரு பெயர் வழங்கினால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அப்படி இருந்தால் என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.